பூட்டியாச்சு என்றார் பாய்

எங்கள் ஊரில் வேனை ‘வான்’ என்போம். அதனால் தங்கை மாலா அம்பத்தூரிலிருந்து போனில், "அக்கா, நான் வானுக்குள்ள கட்டில் போட்டிட்டன். நீ வா, ரெண்டு பேரும் அதிலை படுத்தெழும்பி ஊர் சுத்துவம்" என்று சொன்னதை நான் திருப்பிச் சொன்னபோது, நான் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தபாற்கந்தோரில் பக்கத்து மேசைக்காரர், "உங்கட தங்கச்சி ஆகாயத்திலையோ படுக்கிறா?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நான் சென்னைக்குப் புறப்பட்டேன்.

மாலா இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவள் கணவர் செந்தில் திருநெல்வேலிக்காரர், ஐடி கம்பெனியில் வேலை. அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்தது சொதி என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் சொதி இடியப்பத்துக்கு விடுகிற மஞ்சள் தண்ணீர். அவர் ஊர்ச் சொதி கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைக்கிற, காய்கறி நிறைந்த கெட்டிக் குழம்பு. பெயர் ஒன்றாயிருந்தால் போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். போய் இறங்கிய அன்று மத்தியானம் எனக்குக் கிடைத்தது அவருடைய சொதி. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன், ஆனால் அதைச் சொதி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

சாப்பிட்ட கையோடு மாலா என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். அடுக்குமாடிக் குடியிருப்பில், விருந்தாளிகள் வண்டி விடுகிற இடத்தில் அது நின்றது. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேனாக ஓடியது. இப்போது உள்ளே பலகைக் கட்டில், சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. கூரையில் சதுரமாக வெட்டி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் போட்டிருந்தாள். கட்டிலில் படுத்தால் முகத்துக்கு நேரே மேகம் போனது. வண்டி முழுவதிலும் அந்த மூடியில்தான் அவளுக்கு உயிர்.

"எவ்வளவு தூரம் ஓடியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு இடமும் ஓடேல்லை" என்றாள்.

முதல்முறை புறப்பட இருந்தபோது மாமியாருக்குச் சுகமில்லை. அடுத்த முறை வெள்ளம். அதற்கடுத்த முறை பேட்டரி செத்துவிட்டது. இப்படியே மூன்று வருடம். குடியிருப்போர் சங்கம் விருந்தாளிகளின் இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கெடுவும் வைத்துவிட்டது. சங்கச் செயலாளரிடம் பேச்சு வாங்கி வாங்கிச் செந்தில் ஓய்ந்து போனார். வேலூரில் ஒருவரைப் பிடித்து, வண்டியை வாங்கிக்கொள்ளும்படி பேசியும் வைத்திருந்தார்.

"சனிக்கிழமை இருட்டறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் டூர் கிளம்பிட்டா நான் விக்க மாட்டேன், இடத்துக்கு வேற வழி பாத்துக்கறேன். கிளம்பலேன்னா ஞாயித்துக்கிழமை அவர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார். நீங்களே சாட்சி, மதினி" என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

போகவேண்டிய இடம் தனுஷ்கோடி. மாலா அதை எப்போதோ தீர்மானித்துவிட்டாள். சின்ன வயதில் நானும் அவளும் நிறையப் பயணம் செய்தவர்கள்தான். எல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பயணங்கள். இன்ன இடத்துக்குப் போவோம் என்று நாங்களே ஆசைப்பட்டு ஒருதரமும் போனதில்லை. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இதை விட்டால் எப்போது என்று எனக்குள்ளும் பிடிவாதம் ஏறிவிட்டது.

மறுநாள் சும்மா இருக்க முடியாமல் மின்சார ரயிலில் ஏறி ஆவடி வரை போய் வந்தேன். எங்களூரில் ரயில் என்றால் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணலாம், பெட்டி கட்டி, குளித்து, விபூதி பூசிக்கொண்டு ஏறுவோம். இங்கே ஒன்று போன புகை அடங்குமுன் அடுத்தது வருகிறது என்று எழுதலாம் என்றால், அதற்குப் புகையும் இல்லை. பெண்கள் பெட்டியில் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டே போனில் பேசினாள்: "இன்னும் ஆவடி வர்ல, நீ உலைய வெச்சிடு. நான் வரும்போது கீர ரெடியா இருக்கும்." இறங்கும்போது காம்புகளைச் சேர்த்துக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கீரையை அடுப்பில் போடவேண்டியது மட்டுமே மிச்சம்.

அன்று சாயங்காலம் ஒரு மழை. மழை விட்டதும் போய்ப் பார்த்தால் கட்டிலின் நடுவில் ஈரம். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்திருந்தது. மாலாவின் முகம் சுண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வண்டியை அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்தில் இருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் பூந்தமல்லியைச் சேர்ந்தவர். பெயர் கரீம், எல்லோருக்கும் பாய். பேச்சு நிறைய, வேலையும் நிறைய. "இதெல்லாம் ஒரு மேட்டரா? ரப்பர மாத்தி குந்த வெச்சா அடுத்த மயைக்கு ஒரு சொட்டு இறங்காது" என்று சொல்லிக்கொண்டே கூரையில் ஏறிவிட்டார். மாலா அரிசி, பருப்பு வாங்கப் போனாள். நான் ஒரு தகர நாற்காலியில் காவல் இருந்தேன்.

எஸ்டேட் எனக்குப் பெரிய வேடிக்கை. ஒரு பக்கம் இரும்பு வெட்டுகிற சத்தம், எதிர்ப்பக்கம் கண்ணாடி மாளிகையிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே தள்ளுவண்டியில் நின்று தக்காளிச் சோறு சாப்பிடுகிறது. நானும் ஒரு தட்டு வாங்கினேன். எங்களூரில் சோறும் கறியும் தனித்தனியாக வந்தால்தான் சாப்பாடு. இங்கே எல்லாவற்றையும் அவர்களே குழைத்துக் கொடுத்து நம் வேலையைக் குறைத்துவிடுகிறார்கள்.

மத்தியானம் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பாய் புது ரப்பர் வைத்து மூடியை அதன் இடத்தில் அமர்த்தியிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியவரிடம் நான், "போக முன்னம் மூடியைப் பூட்டிவிட்டுப் போங்கோ" என்றேன்.

"அவ்ளோதானே" என்று வண்டிக்குள் ஏறி இறங்கினார். "பூட்டியாச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மாலா வந்தாள். "எல்லாம் முடிஞ்சுதாம், பூட்டியாச்சாம்" என்றேன். பாய்க்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. திரும்பி வரும்போது அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். நாளைய பயணத்துக்கு முன் செம்பரம்பாக்கம் வரை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவள் திட்டம்.

அந்த ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். திருவேற்காட்டுச் சந்து பொந்துகளில் இடித்து நெரித்துக்கொண்டு போய், பெரிய ரோட்டில் ஏறியதும் மாலா ஒரு மிதி மிதித்தாள். பின்னால் தட்டுமுட்டெல்லாம் குலுங்கின. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. "சட்டி விழுந்திட்டுது" என்றேன். "விழட்டும்" என்றாள். ஜன்னலால் காற்று வந்து முகத்தில் அறைந்தது. இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தோம்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு புளியமர நிழலில் வண்டியை விட்டாள். சுற்றிலும் மனை விற்பனைப் பலகைகளும் கிடங்குகளும். அவற்றைத் தாண்டிப் பார்த்தால் கடலோ என்று நினைக்கும் அளவுக்குத் தண்ணீர். நான் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். கூரை வழியாகப் புளியங்கிளை தெரிந்தது. இலை இலையாக எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது. பாய் மூடியை நன்றாகத் துடைத்தும் வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் மெச்சினேன்.

அப்போது ஒரு காகம் வந்து ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு தலையை உள்ளே விட்டுக் கட்டிலில் இருந்த பிஸ்கட் பையையும் பார்த்தது.

"மாலா, காகம் தலையை உள்ளுக்கு விடுது" என்றேன்.

"கண்ணாடியிலை எப்படி அக்கா விடும்?" என்று கேட்டபடி ஏறி வந்தவள், மேலே பார்த்ததும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூடி இல்லை.

வந்த வழியே ஊர்ந்து ஊர்ந்து திரும்பினோம். நான் இடது பக்க ஓரத்தைப் பார்க்க, அவள் வலது பக்கம் பார்க்க, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். பூந்தமல்லியில் ஒரு டீக்கடைக்காரரிடம் விசாரித்தோம். "இன்னாது, வேனுக்கு மேல மூடியா? பேனாவுக்குத்தான்மா மூடி காணாம பூடும்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாலா சிரிக்கவில்லை.

பட்டறை வாசலில் பாய் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது? தொய்துட்டு வந்து பாத்தா வண்டிய காணம். ஸ்க்ரூ எல்லாம் இங்க கீது, வண்டி எங்க போச்சுன்னு நான் தேடிகினு கீறேன்" என்றார்.

"நீங்கள் பூட்டியாச்சு எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று நான் பாய்ந்தேன்.

"ஆமா, பூட்னேன். நீங்க சொன்ன மாரியே உள்பக்கம் கொக்கிய போட்டு டைட்டா பூட்டிட்டுதான் போனேன். கொக்கி மூடிய அதோட ஃபிரேமோடதான் சேக்கும், ஃபிரேம கூரையோட சேக்கற ஸ்க்ரூவ வந்து மாட்லாம்னு வெச்சிருந்தேன்."

"நான் கொக்கியைச் சொல்லேல்லை. மூடியைப் பூட்டச் சொன்னன்."

"அத்த தானேக்கா நானும் சொல்றேன். மூடிய பூட்டியாச்சு. மாட்டல."

மாலா தலையில் கை வைத்துக்கொண்டாள். எங்களூரில் ஒன்றைப் பொருத்துவதைப் பூட்டுவது என்போம். மின்விசிறியைப் பூட்டுவோம், சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவோம். இங்கே பூட்டுவது என்றால் சாவி போடுவது, கொக்கி போடுவது மட்டும்தான். மாலா இங்கத்தைய தமிழைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறவள். ஆனால் என்னோடு கதைக்கும்போது அவள் காது யாழ்ப்பாணத்துக் காதாகிவிடுகிறது. அதனால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. இதையெல்லாம் அவளே பாய்க்கு விளக்கினாள்.

பாய் கவனமாகக் கேட்டார். "செரி, அப்போ சாவி போட்டு பூட்றதுக்கு உங்க ஊர்ல இன்னா சொல்வீங்க?"

"அதுவும் பூட்டுறதுதான்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னா எப்டிக்கா அந்த ஊர்ல மெக்கானிக் பொயைக்கிறான்?" என்றார். மாலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த சூட்டோடு அழுகையும் வந்துவிட்டது. சனிக்கிழமைக் கெடுவைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, பாயின் முகம் மாறியது. "ஒரு வார்த்த நான் திருப்பி கேட்ருக்கணும். என் தப்புதான். நாளைக்கு கட கெடையாது. காலீல ஊட்டுக்கு வந்துடுங்க, மூடிய தேடிகினு போலாம்" என்றார்.

புது மூடி வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், வாரக்கணக்காகும். அன்று சாயங்காலம் ஓட்டையின்மேல் தார்ப்பாயைக் கட்டினோம். நான் அதைத் தறப்பாள் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். செந்தில் வந்து பார்த்தார். "இத வச்சு ஹைவேல போக முடியாது மாலா, காத்துல பிச்சுக்கும். விட்டுடு, ஏன் மனச அலட்டிக்கற" என்று தணிவாகச் சொன்னார். மாலா கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சனிக்கிழமை காலை பூந்தமல்லியில் பாய் வீட்டில் இருந்தோம். சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அவர் மனைவி பிடித்து உட்கார வைத்துவிட்டார். இடியப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எங்கள் வீட்டு இடியப்பம் சிவப்பு மாவில் உள்ளங்கை அளவு. இது வெள்ளை வெளேரென்று தட்டை நிறைத்தது. அவசரத்தில் இருந்தாலும் நாக்கு அவசரப்படவில்லை. பாயாவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

நாங்கள் சாப்பிட, பாய் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் மச்சான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வழியாக அந்த ரோட்டில் ஓடுகிற எல்லா ஷேர் ஆட்டோவுக்கும் செய்தி போயிற்று. நான் கை கழுவும்போது பதில் வந்துவிட்டது. மச்சான் பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது: "மாமே, வேலப்பன்சாவடிகிட்ட நேத்து ஒண்ணு பறந்து வந்து வியுந்துச்சாம். நம்ப பையன் வண்டில வந்த பூக்காரம்மா எட்துகினு போச்சாம். திருவேற்காடு கோயிலாண்ட கட போட்ருக்கு, பேரு லோகம்மா." மாலா எச்சில் கையோடு எழுந்து நின்றாள்.

பாயையும் ஏற்றிக்கொண்டு போனோம். கோயில் தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். லோகம்மாவின் கடையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. வரிசையாக இருந்த பூக்கூடைகளுக்கு நடுவில் எங்கள் மூடி பளபளவென்று கவிழ்ந்திருந்தது. அடியில் மல்லிகைச் சரம் சுருள் சுருளாக, ஒரு துளி நனையாமல். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் பூவைச் சாக்கால் மூடியிருந்தார்கள். இவரிடம் மட்டும் பூ வெளியே தெரிந்ததால் கூட்டமும் இவரிடம்தான்.

மாலா விஷயத்தைச் சொன்னதும் லோகம்மா மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார். "முந்தாநேத்து கோயம்பேட்லருந்து வாங்கியாந்த பூ பாதி மயைல அயுகி போச்சு. நேத்து அயுதுகினே வரேன், நட்ட நடு ரோட்ல இது கெடக்குது. அம்மன் குட்தது. இத்த நீ கேக்கறியே" என்றார்.

அம்மன் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது என்று நான் திகைத்தேன். மாலா ஈரத் தரையில் அவர் எதிரே குந்திவிட்டாள். கெடுவையும், வேலூர்க்காரரையும், இன்று விட்டால் வண்டி போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். லோகம்மா சரம் தொடுத்துக்கொண்டே கேட்டார்.

"வண்டிய யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"எங்க போறீங்க?"

"தனுஷ்கோடி."

"அங்க இன்னா கீது?"

"கடல்தான். வேற ஒண்ணுமில்ல. எனக்குப் போகணும்" என்றாள் மாலா.

லோகம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "எட்துக்கோ. ஆனா என் பூவுக்கு ஒரு வயி பண்ணிட்டு எட்து."

பாய் அந்த இடத்திலிருந்தே ஓடினார். நாங்கள் காத்திருந்தோம். தூறல் மழையாகி, விட்டு, மறுபடி பிடித்தது. லோகம்மா எங்களைச் சும்மா இருக்க விடவில்லை. என்னிடம் ஒரு கூடைக் கதம்பத்தைக் கொடுத்து விற்கச் சொன்னார். என் பேச்சைக் கேட்டு ஒரு பெண், "மலையாளமா?" என்று கேட்டாள். தபாற்கந்தோரில் முத்திரை விற்றுப் பழகிய கைதானே, ஒரு கூடை முழுவதையும் விற்றுவிட்டேன். எனக்கு ஏறிய உற்சாகத்தில் இன்னொரு கூடை கேட்டேன்.

பிற்பகலில் பாய் மச்சானின் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பழைய ஆட்டோவின் முன்கண்ணாடி. விளிம்பு முழுக்கப் புது ரப்பர் போட்டு, நிற்பதற்குக் கம்பிக் காலும் வைத்திருந்தார். லோகம்மா அதைப் பூவின்மேல் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு சொம்பு ஊற்றினார். "இது அத்த விட பெர்சு" என்று ஒப்புக்கொண்டார்.

எங்கள் மூடியில் ஒரு மூலையில் மட்டும் கீறல் விழுந்திருந்தது. பாய் அதற்குப் பசை தடவி, நடுத்தெருவிலேயே கூரையில் ஏறி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கீழே நின்ற எனக்குக் காட்டிக் காட்டி முடுக்கினார். "மாட்டியாச்சு, பூட்டியாச்சு, உங்க ஊர் பூட்டும் போட்டாச்சு" என்றார். கோயிலுக்கு வந்த கூட்டம் சாமியை விட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாலா அவரைக் கும்பிட்டாள். "பாத்து போம்மா" என்று அவர் மச்சானின் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வேலப்பன்சாவடிச் சந்திப்பில் சிவப்பு விழுந்து நின்றோம். மழை வலுத்திருந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், கட்டில் காய்ந்து கிடந்தது. இடப்பக்கம் போனால் அம்பத்தூர் வீடு, வலப்பக்கம் போனால் தெற்கே போகிற வழி. பெட்டிகளை எடுத்துக்கொண்டு இருட்டுமுன் கிளம்பிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அப்போது செந்தில் அழைத்தார். மாலா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மாலா, வேலூர்க்காரர் இன்னைக்கே வந்துட்டார். நம்ம வீட்லதான் உக்காந்திருக்கார். அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கார், வண்டிய ஒரு தடவ கொண்டாந்து காட்டிடேன்" என்றார்.

வண்டி அந்த இடத்தில் போய் நின்றால் பிறகு என்னவாகும் என்று மாலாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் போனை என்னிடம் நீட்டினாள். "நீ கதை, அக்கா" என்றாள்.

"தம்பி, மூடி கிடைச்சிட்டுது. நாங்கள் இப்பிடியே தனுஷ்கோடிக்குப் போறம்" என்றேன்.

"இப்பிடியேவா? துணிமணி எல்லாம் இங்க இருக்கே மதினி."

"இருக்கட்டும்."

போனை அவர் வைக்கவில்லை, தாழ்த்திப் பிடித்திருக்கவேண்டும். தொலைவில் அவர் வேறு யாருடனோ பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"சார், மன்னிச்சுக்குங்க. வண்டி விக்கறதுக்கு இல்ல. என் வீட்டம்மா அத எடுத்துக்கிட்டு ஊர் சுத்தப் போயிருக்காங்க."

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது. மாலா கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை வண்டி அசையவில்லை. பிறகு அவள் வலப்பக்கம் திருப்பினாள்.